கடைக்குக் கணினி வந்துவிட்டது, கணக்கு வந்ததா? – வாசகர் கேள்வி பதில்

வியாபாரத்தில் கணினி முறைகள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம், நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போடுகிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, அப்பா காலத்திலிருந்து ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறோம். இரண்டு வருஷத்துக்கு முதல் மகன் சொன்னபடியால் பில் போட, ஸ்டொக் பார்க்க என்று மென்பொருள், இரண்டு கணினி, பார்கோட் மெஷின் எல்லாம் வாங்கினோம். ஏழு இலட்சத்துக்கு மேல் போய்விட்டது. நல்ல லாபம் என்கிறான் மகன். பில் வடிவாக அச்சாகிறது என்பதைத் தவிர எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. போட்ட காசுக்குப் பலன் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? (சுன்னாகம்)

பதில்: ஐயா, மகன் சொல்வதும் சரியாக இருக்கலாம், நீங்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம். முறை வர முந்திக் கடை எப்படி ஓடியது என்று ஓர் அளவும் எழுதி வைக்கப்படவில்லை, அதனால் இப்ப ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. இதைக் கொண்டு எதைக் குறைக்கப் போகிறோம், எதைக் கூட்டப் போகிறோம் என்று வாங்க முந்தியே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்திருந்தால் இந்த வாக்குவாதமே வந்திராது. பரவாயில்லை, பழைய கொப்பிகள் எங்கேயாவது கிடக்கும்தானே, பாதி அளவுகளை அதிலிருந்து எடுத்துவிடலாம்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பின்னேரம் கடை பூட்டின பிறகு பத்துச் சாமான்களைத் தெரிவு செய்யுங்கள்: சீமெந்து, அரை அங்குல பிவிசி எல்போ, இரண்டரை அங்குல ஆணி, நாலு லீற்றர் வெள்ளைப் பெயின்ற், வயர் என்று ஓடுகிறதும் ஓடாததும் கலந்து எடுங்கள். கணினியில் எவ்வளவு இருக்கிறதென்று மகன் ஒரு தாளில் எழுதட்டும், அதைப் பார்க்காமல் நீங்கள் உள்ளே போய் எண்ணுங்கள். எல்போவும் பெயின்றும் ஒத்துவர இடமுண்டு. ஆணியிலும் வயரிலும்தான் வில்லங்கம் வரும், ஏனென்றால் ஆணி வருவது பெட்டியில், போவது கிலோவிலும் அரைக் கிலோவிலும். வயர் வருவது சுருளில், போவது மீற்றரில். எந்த அளவில் உள்ளே பதிகிறோம், எந்த அளவில் வெளியே கழிகிறது என்பதை மென்பொருள் போட்டுத் தந்த பெடியன் கேட்டிருக்க மாட்டான், நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். பத்தில் ஏழு எட்டாவது ஒத்துவராவிட்டால் அந்த முறை தரும் வேறு எந்த அறிக்கையையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

அடுத்தது, மேசை லாச்சிக்குள் கடன் கொப்பி இன்னும் இருக்கிறதா? மேசன்மாருக்கும் கொந்தராத்துக்காரருக்கும் கடனுக்குப் போகிற சாமானைக் கொப்பியில் குறித்துவிட்டு, காசு வந்த பிறகு பில் போடுகிற பழக்கம் இருந்தால், இடைப்பட்ட நாள் முழுக்கக் கணினி சொல்வது பிழையான இருப்பு. திரையில் நாற்பது பை சீமெந்து, ஸ்டோரில் இருபத்தைந்து. இப்படி நாலு தரம் நடந்தால் கடையில் நிற்கிற பெடியன் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நேரே ஸ்டோருக்குத்தான் ஓடுவான், அதோடு உங்கள் ஏழு இலட்சமும் வெறும் அச்சு மெஷினாகிவிடும். கொப்பியும் கணினியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற கடையில் கொப்பிதான் உண்மையான முறை. கடனைக் கணினிக்குள் கொண்டு வாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

வில்லியம் டிலோன், எஃப்ரேம் மக்லீன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1992 இல், ஒரு தகவல் முறை வெற்றியா தோல்வியா என்று எதைக் கொண்டு சொல்வது என்பதற்கு ஒரு சட்டகம் போட்டார்கள், 2003 இல் அதைத் திருத்தினார்கள். முறையின் தரம், அது தரும் தகவலின் தரம், பின்னால் கிடைக்கும் சேவையின் தரம், ஆக்கள் அதைப் பாவிக்கிறார்களா, பாவிக்கிறவர்களுக்குத் திருப்தியா, கடைசியில் நிறுவனத்துக்குத் தேறின பயன் என்ன என்று ஆறு விஷயங்கள். பில் வடிவாக அச்சாவது முதலாவதில் ஒரு துண்டு மட்டும். மகன் பார்ப்பது அதை, நீங்கள் தேடுவது ஆறாவதை, நடுவில் இருக்கிற நாலையும் ஒருவரும் பார்க்கவில்லை.

ஆறாவதைக் காசாகப் பார்ப்பது கஷ்டமில்லை. ஆறு மாதமாக அசையாமல் கிடக்கிற சாமான் எவ்வளவு பெறுமதி என்று கணினியிடம் கேளுங்கள். கடையில் தொண்ணூறு இலட்சத்துக்குச் சாமான் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம், ஓடாததை வாங்காமல் விட்டு அதைப் பத்து வீதம் குறைத்தால் ஒன்பது இலட்சம் கைக்கு வரும். அந்த ஒன்பது இலட்சமும் லாபம் என்று எண்ணிவிடாதீர்கள், அது உங்கள் சொந்தக் காசு, முடங்கிக் கிடந்தது விடுபட்டிருக்கிறது. லாபம் என்பது அதற்கான வட்டி மிச்சம். பன்னிரண்டு வீதத்துக்குக் கடன் எடுத்து ஓட்டுகிற கடையென்றால் வருஷம் ஒரு இலட்சத்து எட்டாயிரம். அதோடு மூன்று மாதத்துக்கு மேல் பழைய கடன் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டு தொகையையும் மகனிடம் கேளுங்கள். அவனால் சொல்ல முடிந்தால் முறை வேலை செய்கிறது.

வற் வரியையும் மறக்க வேண்டாம். 2024 சனவரியில் வரி 18 வீதமானபோது, பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லையையும் 8 கோடியிலிருந்து 6 கோடிக்கு இறக்கினார்கள். இந்த எல்லை மாறிக்கொண்டிருப்பது, இப்ப எவ்வளவு என்று உங்கள் கணக்காளரிடம் கேட்டு வையுங்கள். சீமெந்தும் கம்பியும் விற்கிற கடைக்கு விற்பனைத் தொகை கெதியாக ஏறும், மாதாந்த விற்பனையை உடனே எடுத்துக் காட்டுகிற முறை அந்த நேரத்தில் கை கொடுக்கும்.

கேள்வி: எங்களுக்கு யாழ்ப்பாணத்திலும் நெல்லியடியிலும் புடவைக்கடை. ஒரு கம்பனி ஒரே தரம் ஒன்பது இலட்சம் தந்தால் எங்கள் கடையிலேயே சேர்வர் வைத்து எல்லாம் செய்து தருவதாகச் சொல்கிறது, எங்கள் முறைக்கு ஏற்றபடி மாற்றியும் தருவார்களாம். இன்னொன்று கிளவுட், அதாவது அவர்களுடைய கணினியில் இருப்பதை இணையம் வழியாகப் பாவிப்பது, மாதம் நாற்பது டொலர். எது மலிவு? நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் தொடங்கிவிட வேண்டும். (யாழ்ப்பாணம்)

பதில்: அக்கா, முதலில் கடைசி வசனத்தைப் பார்ப்போம். தயவுசெய்து நல்லூருக்கு முதல் தொடங்க வேண்டாம். அமெரிக்காவில் ஹேர்ஷி என்ற பெரிய சொக்லட் கம்பனி 11 கோடி டொலருக்கு மேல் செலவழித்துப் போட்ட புது முறையை 1999 இல், ஹாலோவீன் என்ற, பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கிற கொண்டாட்டத்துக்கு விற்பனை சூடுபிடிக்கிற நேரத்தில் தொடங்கியது. களஞ்சியத்தில் சொக்லட் கிடந்தது, கடைகளிலிருந்து ஓடரும் வந்து கிடந்தது, இரண்டையும் இணைத்து அனுப்ப முறையால் ஏலவில்லை. ஏறக்குறைய 10 கோடி டொலர் பெறுமதியான ஓடர்களை அனுப்ப முடியாமல் போனது. உங்களுக்குத் திருவிழாவின் 25 நாளும் பிறகு வருகிற தீபாவளியும்தான் ஹாலோவீன். சனம் நெருக்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில் புதுத் திரையில் எங்கே அழுத்துவது என்று கஷியர் பிள்ளை தேடிக்கொண்டிருந்தால் வாங்க வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். தைப்பொங்கல் கழிந்து வியாபாரம் ஆறுதலாக இருக்கிற மாதத்தில், ஒரு கடையில் மட்டும், நெல்லியடியில் முதலில், தொடங்குங்கள்.

இனி மலிவு. ஐந்து வருஷத்துக்குக் கணக்குப் போடுங்கள். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் நாற்பது டொலர் மாதம் 12,000, வருஷம் 1,44,000, ஐந்து வருஷத்தில் 7,20,000. ஒன்பது இலட்சத்து முறைக்கு முதல் வருஷம் பராமரிப்பு இலவசம் என்பார்கள், இரண்டாம் வருஷத்திலிருந்து விலையில் பதினைந்து வீதம் கேட்டால் 1,35,000, நாலு வருஷத்துக்கு 5,40,000, மொத்தம் 14,40,000. அதற்கு மேல் சேர்வர், யூபிஎஸ், பற்றரி மாற்றுகிற செலவு. சரி, கிளவுட்தானே மலிவு என்று முடிவெடுக்க முந்தி 2022 ஐ நினைத்துப் பாருங்கள். வருஷத் தொடக்கத்தில் 200 அளவில் நின்ற டொலர் சில மாதத்தில் 360 ஐத் தாண்டியது. நாற்பது டொலர் 8,000 ஆக இருந்து 14,000 க்கு மேல் போயிருக்கும். சம்பாத்தியம் ரூபாயிலும் மாதக் கட்டணம் டொலரிலும் இருக்கிற எந்தக் கடையும் இந்த ஆபத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கட்டணத்தை ரூபாயில், வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல் கூட்டுவதில்லை என்று எழுதித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், சில உள்ளூர்க் கம்பனிகள் தரும்.

இரண்டு கணக்கிலும் இல்லாத செலவு ஒன்று இருக்கிறது, புடவைக்கடையில் அதுதான் பெரியது. ஹாட்வெயார் கடையில் ஒரே எல்போ நூறு கிடக்கும், ஒரு பதிவு போதும். உங்களிடம் ஒவ்வொரு சேலையும் ஒரு நிறம், ஒரு கரை, ஒரு விலை. இருப்பில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பார்கோட் அடித்து ஒட்டி, விலையையும் வாங்கின இடத்தையும் பதிய வேண்டும். இரண்டு பிள்ளைகளைக் கிழமைக் கணக்கில் இதிலேயே மினக்கெட விட வேண்டிவரும். இந்த வேலையை யார் செய்வது, எத்தனை நாள், யார் சம்பளம் என்று எந்த விலைப்பட்டியலிலும் இராது. வாங்கின விலையோடு, வைத்திருந்து பராமரிக்கிற முழுச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை 1987 இலேயே கார்ட்னர் என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு முறையாகக் கொண்டு வந்தது, இன்றைக்கும் நம் கடைகளில் அதைப் போட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு.

எங்கள் முறைக்கு மாற்றித் தருவோம் என்ற பேச்சிலும் கவனம். ஜேர்மன் பல்பொருள் அங்காடி லிடில், இருப்பை வாங்கின விலையில் கணக்கு வைப்பது தங்கள் வழக்கம் என்று நின்றது. வாங்கின மென்பொருளோ விற்கிற விலையில் கணக்கு வைப்பது. மென்பொருளைத் தங்களுக்காக மாற்ற மாற்ற அது சிக்கலாகி, ஏழு வருஷம் மினக்கெட்டு, ஏறக்குறைய 50 கோடி யூரோ போன பிறகு 2018 இல் கைவிட்டார்கள். உங்கள் வழக்கங்களில் எது வாடிக்கையாளருக்கு வேண்டியது, எது வெறும் பழக்கம் என்று பிரியுங்கள். சேலைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்த விபரம் பில்லோடு நிற்க வேண்டும் என்பது வாடிக்கையாளருக்கு வேண்டியது, அதைக் கேளுங்கள். பில்லில் எந்த மூலையில் கையெழுத்து வைப்பது என்பதற்காக மென்பொருளை மாற்றச் சொல்ல வேண்டாம்.

விற்க வருகிறவர்களுக்கு இரண்டு சோதனை வையுங்கள். அவர்கள் முன்னாலேயே வைஃபையை நிறுத்திவிட்டு ஒரு பில் போடச் சொல்லுங்கள். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது, இணையம் போனால் கடை நிற்குமென்றால் அந்த முறை எங்களுக்கு வேண்டாம். அடுத்தது, எங்கள் சாமான் பட்டியலையும் வாடிக்கையாளர் கடனையும் முழுக்க எக்செல்லில் இறக்கித் தாருங்கள் என்று கேளுங்கள். தர முடியாது, அல்லது அதற்கு வேறாகக் காசு என்றால், நாளைக்கு அவர்களை விட்டு மாற நினைக்கும்போது உங்கள் தரவு உங்கள் கையில் இராது. இரண்டிலும் தேறுகிறவரை எடுங்கள், பத்தாயிரம் இருபதாயிரம் கூடக் கேட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: பில் போடும்போது எடுத்த தொலைபேசி இலக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பலாமா? (மானிப்பாய்)

பதில்: தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் பிரிவுகள் எல்லாம் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை, ஆனால் அதன் அடிப்படை தெளிவு: எதற்கென்று சொல்லி வாங்கினீர்களோ அதற்குத்தான் பாவிக்கலாம். பில்லுக்கென்று வாங்கின இலக்கத்துக்கு விளம்பரம் அனுப்ப வேண்டுமென்றால் ஒருக்கால் கேளுங்கள். கவுண்டரில் "புதுச் சாமான் வந்தால் மெசேஜ் போடட்டோ?" என்று கேட்டு, ஓம் என்றவர்களை மட்டும் குறியுங்கள். வேண்டாம் என்றவரை உடனே எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலை வேறொரு கடைக்குக் கொடுப்பதை நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: ஐயா, ஒரு பல்பொருள் அங்காடியில் கஷியராக வேலை செய்கிறேன். மாத முடிவில் கணினி எனக்கு 4,300 ரூபா குறைவு காட்டுகிறது என்று சம்பளத்தில் வெட்டினார்கள். நான் ஒரு சதமும் எடுக்கவில்லை. கணினி பொய் சொல்லாது என்கிறார் மனேஜர். (சாவகச்சேரி)

பதில்: தம்பி, உங்கள் மனேஜர் சொன்ன அந்த வசனத்தை நம்பி ஒரு நாடே பெரிய அநியாயம் செய்திருக்கிறது. பிரித்தானியத் தபால் நிலையங்களில் 1999 இலிருந்து ஹொரைசன் என்ற கணக்கு முறையைப் போட்டார்கள், செய்து கொடுத்தது புஜிட்சு என்ற ஜப்பானியக் கணினிக் கம்பனி. அந்த முறை இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. சின்னச் சின்னத் தபால் நிலையங்களை நடத்தியவர்கள் தாங்கள் எடுக்கவில்லை என்று அழுது சொன்னார்கள், தெற்காசிய வம்சாவளியினரும் அதில் நிறையப் பேர். 900 க்கு மேற்பட்டவர்கள் களவு, கள்ளக்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், வீடு வாசல் விற்றுக் காசு கட்டினார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. முறையில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தண்டனைகளைக் கூட்டாக நீக்க 2024 இல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அதற்குள் இருபது வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

உங்கள் அங்காடியில் நடந்தது என்னவென்று நான் இங்கேயிருந்து சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்லலாம். வாடிக்கையாளர் கியூஆரில் கட்டியதை அவசரத்தில் காசு என்று அழுத்தியிருந்தால், கணினி உங்கள் லாச்சியில் அந்தக் காசை எதிர்பார்க்கும். உண்மையில் அது வங்கிக் கணக்கில் இருக்கும். 4,300 க்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் வரவு வங்கிக் கூற்றில் இருக்கிறதா என்று கணக்குப் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள், அட்டையில் கட்டியதையும் அப்படியே. திருப்பி எடுத்த சாமானுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பதிய விட்டிருக்கலாம். ரத்துச் செய்த பில் ரத்தாகாமல் நின்றிருக்கலாம். நீங்கள் சாப்பிடப் போன அரை மணித்தியாலம் உங்கள் பெயரிலேயே வேறு ஆள் பில் போட்டிருக்கலாம். இதற்கு இடம் இருக்கிறதென்றால் அந்தக் குறைவை உங்கள் தலையில் போடவே முடியாது. மாதம் முடிய ஒரே தரம் பார்ப்பதும் பிழை. வேலைக்கு வரும்போது எண்ணி, போகும்போது எண்ணி, அன்றன்றைக்கு இரண்டு பேர் கையெழுத்து வைத்தால் பிழை எந்த நாளில் என்றாவது தெரியும். இதையெல்லாம் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துவராவிட்டால் தொழில் திணைக்களத்தில் போய் விசாரியுங்கள், சம்பளத்தில் கை வைப்பது முதலாளி நினைத்தபடி செய்கிற காரியமில்லை.

இதை வாசிக்கிற முதலாளிமாருக்கும் சொல்லுகிறேன். ஒரு முறையை வாங்கும்போது, அது பிழையாகச் சொல்லும்போது அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற வழியையும் சேர்த்தே வாங்க வேண்டும். யார், எந்த நேரம், எதை மாற்றினார் என்ற பதிவை எடுத்துக் காட்ட முடியாத மென்பொருளை வைத்து ஒரு பிள்ளையின் சம்பளத்தை வெட்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் பாமசியில் நாலு பேருக்கும் ஒரே கடவுச்சொல். பிழையா? (நெல்லியடி)

பதில்: பிழைதான். மேலே உள்ள கடிதத்தை நாலு பேருமாக வாசியுங்கள். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல், வேலையை விட்டுப் போனவருடையதை அன்றைக்கே நிறுத்துவது, இவ்வளவுக்கும் காசு செலவில்லை. பாமசியில் இன்னொன்றும் உண்டு: காலாவதித் திகதியை மாற்றுகிற உரிமை பொறுப்பான மருந்தாளருக்கு மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: சேர், யாழ் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்குச் சிறு வியாபாரங்களில் தகவல் முறைகளின் பயனை எடுத்திருக்கிறேன். வினாக்கொத்துக் கொடுத்தால் எல்லோரும் "திருப்தி" என்றே புள்ளடி போடுகிறார்கள், லாபத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏன்? (திருநெல்வேலி)

பதில்: தங்கச்சி, நல்ல இடத்தில் வந்து நிற்கிறீர்கள். இதே குழப்பம் பெரிய பொருளியலாளர்களுக்கும் வந்தது. கணினி யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிபரத்தில் மட்டும் தெரியவில்லை என்ற கருத்தை ரொபேட் சொலோ எழுதியது 1987 இல், அவர் நோபல் பரிசு பெற்றதும் அதே வருஷம். இதற்கு 1990 இல் போல் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் மின்சாரத்தின் கதையைக் கொண்டு ஒரு விளக்கம் சொன்னார். நியூயோர்க்கில் எடிசனின் மின் நிலையம் தொடங்கியது 1882 இல். ஆனால் மின்சாரத்தால் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் பெரிதாகக் கூடியது 1920 களில்தான். ஏன் நாற்பது வருஷம்? முதலில் நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மின் மோட்டரை வைத்தார்கள், எல்லா இயந்திரங்களுக்கும் விசையைக் கொண்டு போகிற அதே நீளத் தண்டு, அதே பட்டிகள், அதே கட்டிடம். பிறகு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டர் வைக்கலாம் என்று கண்டு, வேலை ஓடுகிற ஒழுங்குக்கு ஏற்பக் கட்டிடத்தையே மாற்றிக் கட்டின பிறகுதான் பலன் வந்தது.

உங்கள் ஆய்வுக்கு இதில் பெரிய துப்பு இருக்கிறது. திருப்தியா என்று கேட்காமல், முறை வந்த பிறகு கடையில் எந்த வேலை நின்றுபோனது, எந்த முடிவு வேறு மாதிரி எடுக்கப்படுகிறது, யாருடைய வேலை மாறியது என்று கேளுங்கள். ஒன்றும் மாறவில்லை என்ற கடையில் லாபம் மாறாததில் அதிசயமில்லை. பிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989 இல் சொன்ன, பயன் உண்டென்ற எண்ணமும் பாவிக்க இலகு என்ற எண்ணமும் ஆக்களை ஒரு முறையின் பக்கம் இழுக்கும் என்ற மாதிரியை மேற்பார்வையாளர் கேட்பார், அதையும் வையுங்கள். ஆனால் அது பாவிப்பார்களா என்பதைச் சொல்லும், பாவித்ததால் பலன் வந்ததா என்பதைச் சொல்லாது. நூறு வினாக்கொத்தோடு நிற்காமல் மூன்று நாலு கடைகளில் அனுமதி எடுத்து, பின்னேரம் கணக்கு முடிக்கிற நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். திரையில் இருப்பதைத் திரும்பக் கையால் எழுதிக் கூட்டுகிறார்களா என்று பார்த்தாலே ஒரு அத்தியாயம் கிடைத்துவிடும்.

கேள்வி: கணக்காய்வு அலுவலகம் நடத்துகிறோம். வாடிக்கையாளர் கணக்குகள் எல்லாம் கூகிள் ட்ரைவில் தானாகவே ஏறுகிறது. பக்கப் என்று வேறாகவும் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டுமா? (கொக்குவில்)

பதில்: வேண்டும். தானாக ஏறுவது, உங்கள் கணினியில் என்ன நடந்ததோ அதையே மேலேயும் செய்யும். தெரியாமல் அழித்தால் அங்கேயும் அழியும், கப்பம் கேட்கிற வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால் பூட்டின கோப்பே மேலே ஏறும். பழைய பதிப்புகளைச் சில நாளைக்குத் திருப்பி எடுக்கலாம் என்பது உண்மை, ஆனால் மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு பிழை தெரிய வந்தால் அது உதவாது.

2023 ஓகஸ்ட் கடைசியில் எங்கள் நாட்டு அரசின் கிளவுட்டிலேயே அப்படியொரு தாக்குதல் நடந்தது. மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, ஏறக்குறைய 5,000 முகவரிகள். பாவித்த மென்பொருள் பழசு, அந்தக் காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த பிரதியும் இல்லை. அரசாங்கத்துக்கே அது நடந்தது.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது எல்லோரும் சொல்லுகிற விதி, உங்கள் அளவுக்கு அது போதும். கிழமைக்கு ஒருக்கால் ஒரு வெளி ஹாட் டிஸ்க்கில் எடுத்து, எடுத்த உடனே கழற்றி, வேறு வீட்டில் வையுங்கள். கழற்றாமல் கணினியோடு செருகிக் கிடக்கிற டிஸ்க்கையும் அந்த வைரஸ் பூட்டும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் ஒரு வாடிக்கையாளரின் கோப்பைப் பக்கப்பிலிருந்து வேறு கணினியில் திறந்து பாருங்கள், திறக்காவிட்டால் அது பக்கப் இல்லை.

கேள்வி: கடலுணவு ஏற்றுமதி செய்கிற நிறுவனம், அறுபது பேர் வேலை செய்கிறோம். கணினி சம்பந்தமான எல்லாவற்றையும் ஐடி பெடியனிடம் விட்டிருக்கிறோம். கணக்காளர் தன்னிடம் தரச் சொல்கிறார். யாரிடம் விடுவது? (குருநகர்)

பதில்: பிரிண்டர், வலையமைப்பு, கடவுச்சொல், பக்கப், இவை ஐடித் தம்பியிடம். எதற்குக் காசு போடுவது, எது முதலில், போட்டதற்கு என்ன வந்தது என்பது உங்களுடையது, அதை ஐடியிடமும் விட முடியாது, கணக்காளரிடமும் விட முடியாது. கணக்காளரிடம் முழுக்க விட்டால் கணக்குப் பிரிவுக்கு வேண்டியது நன்றாக நடக்கும். நண்டு இறங்குகிற இடத்தில் எடை பதிகிற பிள்ளைக்கு வேண்டியது பின்னுக்குத் தள்ளப்படும். வாங்குபவர் கேட்கிற விபரம், எந்தப் படகு, எந்தத் திகதி, எத்தனை கிலோ, எந்தக் குளிர் அறை, எல்லாம் அந்தப் பிள்ளை பதிகிறதில்தான் இருக்கிறது.

மாதத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். நீங்கள், கணக்காளர், ஐடித் தம்பி, எடை பதிகிறவர், நாலு பேரும் இருக்க வேண்டும். போன மாதம் முறை எத்தனை தரம் நின்றது, எந்த வேலையை இன்னும் கையால் செய்கிறோம், வரப்போகிற செலவு என்ன, இவ்வளவும் கதைத்தால் போதும். எடை பதிகிறவரை முதலில் கதைக்க விடுங்கள், மற்ற மூன்று பேரும் கதைத்த பிறகு அவர் வாய் திறக்க மாட்டார்.